மூலை என்பது இரு நூல்கள் வெட்டிக்கொள்ளும் இடம்

வீட்டின் மூலை எங்கே வருகிறது என்று கேட்டால், மனையில் நிற்பவர்கள் தரையில் அடித்திருக்கும் ஒரு முளைக்குச்சியைக் காட்டுவார்கள். வாணம் தோண்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த முளை போய்விடும். மண்வெட்டி பட்டுச் சாயும். இயந்திரம் தோண்டினால் மண்ணோடு மண்ணாக வெளியே வந்துவிடும். மாலையில் யாராவது கண்மதிப்பில் அதை மறுபடி நடுவார்கள். வீடு கோணலாவதற்கு அந்த ஒரு நிமிடம் போதும். சுவர் எழும்பும்போதுகூட அது கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் தரைக்கு டைல்ஸ் பதிக்கும்போதுதான் தெரியும்: சுவரோரம் ஒரு மூலையில் முழுக் கல்லாகத் தொடங்கிய வரிசை, அடுத்த மூலைக்குப் போவதற்குள் பாதிக் கல்லாகத் தேய்ந்திருக்கும். அன்றைக்குச் சுவரை நகர்த்த முடியாது.

அதனால் மூலையில் முளை அடிக்காதீர்கள். மூலை என்பது இரண்டு நூல்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. அந்த நூல்களைப் பிடித்திருக்கும் முளைகள் தோண்டும் இடத்துக்கு வெளியே பத்திரமாக இருந்தால், மூலையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில்தான் வரும். நூல்கள் ஒன்றோடொன்று எப்படி உறவு கொள்கின்றன என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் ஒரு டேப், ஒரு கண்டு நூல், ஒரு தூக்குக்குண்டு ஆகியவற்றை வைத்தே அரை அங்குலத்துக்குள் ஒரு வீட்டை மார்க் செய்துவிடலாம்.

இரண்டு நூல், மூன்று நிலை

ஒரே தளத்தில் கிடக்கும் இரண்டு நேர்கோடுகளுக்கு இடையே மூன்று நிலைகள்தான் உண்டு. ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காமல் இணையாகப் போகும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகிவிடும். இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்வது என்பது நடக்காது. ஏனென்றால் இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும். நூல் பிடிக்கும் வேலை முழுவதும் இந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. இரண்டு முளைகள் ஒரு நூலைத் தீர்மானிக்கின்றன. இரண்டு நூல்கள் ஒரு மூலையைத் தீர்மானிக்கின்றன. இடையில் யாருடைய அபிப்பிராயத்துக்கும் இடமில்லை.

ஒவ்வொரு நூலின் முனைக்கும் வாணத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று நான்கு அடி தள்ளி இரண்டு குட்டை முளைகளை அடித்து, அவற்றின் மேல் ஒரு குறுக்குக்கட்டையைப் பொருத்துங்கள். நூல் போகும் இடத்தில் கட்டையின் தலையில் ஓர் ஆணி. நான்கு பக்கச் சுவருக்கு நான்கு நூல், எட்டுக் கட்டைகள். பக்கத்தில் அவ்வளவு இடமில்லாத மனை என்றால், காம்பவுண்டுச் சுவரிலேயே ஆணி அடித்துக்கொள்ளலாம். தோண்டும்போது நூலைக் கழற்றி வைத்துவிட்டு, குழி முடிந்ததும் மறுபடி கட்டினால் போதும்.

பில்லர் வைத்துக் கட்டும் வீட்டில் இதன் அருமை இன்னும் தெரியும். ஒரு திசையில் மூன்று வரிசை, குறுக்குத் திசையில் நான்கு வரிசை என்று 12 பில்லர்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக அளந்தால் 12 முறை தவறு செய்ய வாய்ப்பு. சென்டர் லைனுக்கு ஏழு நூல் பிடித்தால் 12 புள்ளிகளும் தானாக விழும். ஏழு நேர்கோடுகளை, எந்த இரண்டும் இணையாக இல்லாமலும் எந்த மூன்றும் ஒரே புள்ளியில் கூடாமலும் இழுத்தால், 7-ஐ 6-ஆல் பெருக்கிப் பாதியாக்கி 21 வெட்டுப் புள்ளிகள் கிடைக்கும். நம் ஏழு நூல்களில் மூன்று தமக்குள் இணை. அவற்றில் 3 ஜோடிகள். நான்கு தமக்குள் இணை. அவற்றில் 6 ஜோடிகள். இந்த 9 ஜோடிகளும் சந்திப்பதில்லை. 21-இல் 9 போக 12. நூல்கள் சரியாக இணையாக இல்லாவிட்டால் அந்த 9 புள்ளிகளும் எங்கோ தொலைவில், அடுத்த தெருவிலோ அதற்கும் அப்பாலோ, இருக்கத்தான் செய்யும். இணை என்பதற்கு வருவோம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை.

மேலே சொன்னதெல்லாம் ஒரே தளத்தில் இருக்கும் கோடுகளுக்குத்தான் பொருந்தும். ஒரு நூல் தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலும், மற்றது ஒன்றரை அடி உயரத்திலும் போனால், மேலிருந்து பார்க்கும்போது வெட்டுவதாகத் தெரியும்; உண்மையில் அவை தொடுவதே இல்லை. அப்போது நிற்கும் இடத்தைப் பொறுத்து மூலை மாறித் தெரியும். எனவே கட்டைகளை டியூப் லெவல் வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முடியாத இடத்தில் மேல் நூலிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கயிறு கீழ் நூலை உரசும் இடத்தை எடுங்கள். டேப்பும் இப்படித்தான். 40 அடி நீளத்தில் ஒரு முனை 2 அடி உயர்ந்திருந்தால், டேப் 40 காட்டும்போது படுக்கை அளவு அதைவிட அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். சரிவான மனையில் இதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

செங்கோணம்: சின்ன முக்கோணத்தை நம்பாதீர்கள்

முன்பக்க நூலைப் பிடித்தாயிற்று. அதற்குச் செங்குத்தாகப் பக்கவாட்டு நூல் வேண்டும். கொத்தனார் முதலில் கையில் எடுப்பது மூலைமட்டம். செங்கல் வரிசைக்கு அது நல்ல கருவி. 40 அடி நூலுக்கு அது போதாது. அடுத்தது மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய கணக்கு. கயிறும் முளையும் வைத்து வேள்வி மேடைகளை அளந்த காலத்திலேயே இந்த அறிவு நம் நாட்டில் இருந்தது. போதாயனரின் சுல்ப சூத்திரம் மூலைவிட்டத்தின் விதியைச் சொல்வதோடு, 3-4, 5-12, 8-15, 7-24 போன்ற பக்க ஜோடிகளையும் வரிசையாகத் தருகிறது. இவற்றின் மூலைவிட்டங்கள் முறையே 5, 13, 17, 25. வேறு அளவுள்ள கட்டடத்துக்கு இவையும் கைகொடுக்கும்.

கணக்கு சரி. ஆனால் அதை எந்த அளவில் போடுகிறோம் என்பதில்தான் வேலை கெடுகிறது. மூலையிலிருந்து முன்நூலில் 3 அடி, பக்கநூலில் 4 அடி, குறுக்கே 5 அடி என்று பிடிக்கிறீர்கள். குறுக்கு டேப்பில் கால் அங்குலம் தவறினால், 4 அடிப் புள்ளி பக்கவாட்டில் கிட்டத்தட்ட அரை அங்குலம் நகரும். அதைப் பார்த்து 40 அடிக்கு நூலை நீட்டும்போது, பின்மூலை நான்கு அங்குலத்துக்கு மேல் விலகிப் போயிருக்கும். அதே கால் அங்குலத் தவறு 9-12-15 அடி முக்கோணத்தில் நடந்தால், 40 அடியில் விலகல் ஒன்றரை அங்குலத்துக்குள் நிற்கும். 30-40-50 என்று முழு வீட்டுக்கும் பிடித்தால் அரை அங்குலம்கூட வராது. தவறு ஒன்றே, முக்கோணம்தான் வேறு. இடம் கொடுக்கிற அளவுக்குப் பெரிய முக்கோணம் போடுங்கள், ஸ்டீல் டேப்பையே பயன்படுத்துங்கள். துணி டேப் இழுக்க இழுக்க நீளும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு கோடுகள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அந்த வெட்டுப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பது அமைகிறது. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு நூல் கால் அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நூல் அதைச் செங்குத்தாக வெட்டினால், வெட்டுப் புள்ளியும் கால் அங்குலம்தான் நகரும். 30 டிகிரியில் வெட்டினால் அரை அங்குலம். 10 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். 5 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று அங்குலம். கத்தரிக்கோலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு அலகும் சரியாக எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள், புரிந்துவிடும். நிலம் அளப்பவர்கள் மெலிந்த முக்கோணங்களைத் தவிர்ப்பது இதனால்தான். அவர்கள் கோணங்களை 30-க்கும் 120 டிகிரிக்கும் இடையில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

இப்போது 3-4-5 முக்கோணத்தைத் திரும்பப் பாருங்கள். 4 அடி டேப்பும் 5 அடி டேப்பும் உச்சியில் சந்திக்கும் கோணம் வெறும் 37 டிகிரி. அளவை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கோணம் மாறாது. இதைவிட நல்ல வழி உண்டு. முன்நூலை மூலைக்கு அப்பாலும் நீட்டிக்கொள்ளுங்கள். மூலைப் புள்ளியிலிருந்து நூலின் மேலேயே இரண்டு பக்கமும் 6 அடி அளந்து குறி வையுங்கள். இரண்டு குறிகளிலிருந்தும் தலா 10 அடி டேப் பிடித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் முளை அடியுங்கள். அந்த முளையும் மூலைப் புள்ளியும் சேர்ந்த நூல் முன்நூலுக்குச் செங்குத்து. இரு பக்கமும் சமமாக இருப்பதால் அது ஒரு பக்கம் சாய வழியே இல்லை. இங்கே டேப்புகள் 74 டிகிரிக்கு அருகில் சந்திக்கின்றன; அதே அளவுள்ள 6-8-10 முக்கோணத்தில் ஒரு டேப்பின் தவறு எவ்வளவு விலக்குமோ, அதில் சரிபாதிதான் இதில் விலக்கும். 10 அடி என்பதுகூடக் கட்டாயமில்லை. இரண்டும் சமமாக இருந்தால் போதும். மூலைக்கு அப்பால் 6 அடி நீட்ட இடமில்லாத மனையில், முன்நூலின் நடுவில் இதைச் செய்துவிட்டு, கிடைத்த நூலுக்கு இணையாகப் பக்கநூலைத் தள்ளிக்கொள்ளலாம்.

நூல்களை மூலையோடு நிறுத்தாமல் அப்பாலும் ஓடவிடுவதில் மற்றொரு நன்மை. இரண்டு நேர்கோடுகள் வெட்டும்போது நான்கு கோணங்கள் உண்டாகின்றன. எதிரெதிர்க் கோணங்கள் சமம். கிரேக்கத்தின் தேலீஸ் கண்டறிந்ததாகச் சொல்லப்படும் உண்மை இது. நான்கில் ஒன்று செங்கோணம் என்றால் மற்ற மூன்றும் செங்கோணமே. ஆகவே வீட்டின் உள்பக்கம் குழியாகத் தோண்டிக் கிடந்தாலும், வெளியே நீளும் நூல்களுக்கு நடுவில் தரையில் நின்றபடியே மூலையைச் சரிபார்க்கலாம்.

இணை நூல்கள்

யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தன் வடிவியல் நூலைத் தொகுத்தபோது ஐந்தாவது எடுகோளாக வைத்ததை நூல் மொழியில் சொன்னால் இப்படி வரும்: ஒரு நூலின் மேல் இரண்டு நூல்கள் ஒரே பக்கமாகக் கிளம்புகின்றன, அவை உள்பக்கம் உண்டாக்கும் இரண்டு கோணங்களின் கூடுதல் 180 டிகிரிக்குக் குறைந்தால், அவை அந்தப் பக்கம் எங்கோ சந்தித்தே தீரும். 30 அடி முன்நூலின் ஒரு முனையில் 90 டிகிரி, மறுமுனையில் 89 டிகிரி என்று பக்கநூல்கள் கிளம்பினால் சுமார் 1,719 அடி தள்ளிச் சந்திக்கும். அவ்வளவு தொலைவில்தானே என்று விட்டுவிடாதீர்கள். 40 அடி உள்ளே பின்சுவருக்கு வரும்போதே அகலம் எட்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியிருக்கும். ஒரு டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. எட்டு அங்குலத்தை டேப் பிடித்துவிடும். ஆகவே இணையா என்று கோணத்தை வைத்துத் தீர்மானிக்காமல் தூரத்தை வைத்துத் தீர்மானியுங்கள்.

ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் போகும். யூக்ளிடின் எடுகோளையே ஜான் பிளேஃபேர் 1795-இல் வெளியிட்ட நூலில் இந்த எளிய வடிவில் வைத்தார். இன்று பள்ளியில் படிப்பதும் இதுதான். நடைமுறையில் இதற்கு இரண்டே அளவுகள் போதும்: முதல் நூலின் இரு முனைகளிலிருந்தும் செங்குத்தாக ஒரே தூரம். அந்த இரண்டு அளவுகளையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எட்டத்தில் எடுங்கள். ஐந்தடி இடைவெளியில் எடுத்துக் கால் அங்குலம் தவறினால், 40 அடிக்கு அது இரண்டு அங்குலமாக வளர்ந்துவிடும். உள்சுவர்களுக்கும் ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று தாவித் தாவி அளக்காதீர்கள். எல்லாவற்றையும் முதல் நூலிலிருந்தே அளந்தால் தவறு சேர்ந்துகொண்டே போகாது.

மூலைவிட்டம்

நான்கு நூல்களும் கட்டியாயிற்று. மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டும் சமமாக வந்தால் சரி என்று முடித்துவிடுவது எல்லா இடத்திலும் வழக்கம். அது மட்டும் போதாது. முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 29 அடி 6 அங்குலம், பக்கங்கள் இரண்டும் சம நீளம் என்று ஒரு சரிவகம் அமைந்தாலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். அதனால் முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள். அவை சமமாகி, அதன்பின் மூலைவிட்டங்களும் சமமானால் மட்டுமே நான்கு மூலையும் செங்கோணம். நேரமிருந்தால் மூலைவிட்டங்களுக்கும் நூல் பிடித்து, அவை வெட்டும் புள்ளியைப் பாருங்கள். செவ்வகத்தில் அது இரண்டு நூலுக்கும் சரியாக நடுவில் விழும். மேலே சொன்ன சரிவகத்தில் நடுவிலிருந்து இரண்டரை அங்குலம் தள்ளிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கங்கள் ஒத்துவந்து மூலைவிட்டங்கள் மட்டும் ஒத்துவராவிட்டால், மொத்தப் பின்பக்கமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது மூலையை மூலையாகத் தட்டித் தட்டிச் சரிசெய்ய ஆரம்பித்தால் பொழுது போய்விடும். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரு மூலைவிட்டங்களின் வித்தியாசத்தை மூலைவிட்ட நீளத்தால் பெருக்கி, முன்பக்க நீளத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். 30-க்கு 40 அடி வீட்டில் மூலைவிட்டம் 50 அடி. வித்தியாசம் 3 அங்குலம் என்றால், 3-ஐ 50-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, இரண்டரை அங்குலம். பின்நூலின் மேலேயே இரண்டு பின்மூலைகளையும், நீளமான மூலைவிட்டம் குறைகிற திசையில், இரண்டரை அங்குலம் நகர்த்துங்கள். அதாவது பக்கநூல்கள் இரண்டின் பின்முனை ஆணிகளையும் அதே திசையில், நூல் பின்மூலையில் இரண்டரை அங்குலம் நகரும் அளவுக்கு, மாற்றி அடிக்க வேண்டும். பிறகு ஒருமுறை அளந்தால் இரண்டும் ஒத்துவரும்.

நடுவே மரமோ கிணறோ மணல் குவியலோ இருந்து மூலைக்கு மூலை டேப் போகாவிட்டால், பொறுத்திருக்க வேண்டியதில்லை. தடைக்கு ஒதுங்கி, வீட்டின் ஒரு பகுதியை மட்டும் செவ்வகமாக எடுத்துக்கொண்டு, அதன் மூலைவிட்டங்களைப் பாருங்கள். எல்லாம் அதே நூல்கள்தான். பெரிய பகுதியாக மட்டும் எடுங்கள். காரணம் முன்பே சொன்னதுதான்.

கோணல் மனை

மனையே செவ்வகமாக இல்லாவிட்டால்? பழைய தெருக்களில் இதுதான் அதிகம். தெரு ஒரு சாய்வில் போகும், பக்கத்து எல்லை வேறு சாய்வில் வரும். இங்கே ஒரு முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும்: வீட்டின் எந்தச் சுவர் எந்த எல்லைக்கு இணை? இரண்டு எல்லைக்கும் இணையாக வைத்துக்கொண்டு அறைகளையும் சதுரமாக வைத்துக்கொள்ள வழியில்லை. என் கருத்தில் தெருப் பக்கத்து எல்லைக்கு இணையாக முன்சுவரை வைப்பதே நல்லது. கோணல் துண்டு பக்கத்துச் சந்தில் போய்விடும், அங்கே யாரும் கவனிக்கப் போவதில்லை. முன்பக்கத்தில் கோணல் நின்றால், வாசற்படியிலும் சன்ஷேடிலும் தினமும் கண்ணில் படும்.

எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியை அளக்கும்போது மூலையில் பெரும்பாலும் ஒரு தவறு நடக்கிறது. மனையின் மூலைக்கோணம் 60 டிகிரி. ஓர் எல்லையிலிருந்து 5 அடி விட வேண்டும். மற்ற எல்லைச் சுவரை ஒட்டியே டேப்பை வைத்து 5 அடி அளந்து முளை அடித்துவிடுகிறார்கள். உண்மையில் கிடைத்திருப்பது 4 அடி 4 அங்குலம்தான். 70 டிகிரி மூலையில் இந்தக் குறைவு மூன்றரை அங்குலத்துக்கு மேல். 80 டிகிரியில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோட்டிலிருந்து ஒரு புள்ளியின் தூரம் என்றால் செங்குத்துத் தூரம்தான். டேப்பின் ஒரு முனையைப் புள்ளியில் பிடித்து, மறுமுனையை எல்லை நூலின் மேல் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் மிகக் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் இடைவெளி. இப்படி ஒவ்வோர் எல்லைக்கும் அதன் இணைநூலைப் பிடித்துவிட்டால், அந்த நூல்களுக்குள் அடங்கும் நாற்கரம்தான் கட்டக்கூடிய இடம். வீட்டின் செவ்வகத்தை அதற்குள் வையுங்கள். நான்கு மூலையும் உள்ளே விழுகின்றனவா என்று தோண்டும் முன் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் நூலை ஒட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவி, நூல்களைக் கழற்றிவிட்டுத் தோண்டச் சொல்லலாம். கட்டைகளில் எந்த ஆணி எந்தச் சுவருக்கு என்று பெயின்டால் எழுதிவையுங்கள். அடிக் கான்கிரீட் போட்டதும் நூல்களை மறுபடி கட்டி, வெட்டும் இடங்களிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, பில்லரின் நடுவைக் கான்கிரீட்டின் மேல் குறியுங்கள். பேஸ்மென்ட் மட்டத்தில் பெல்ட் கான்கிரீட் முடிந்ததும் கடைசியாக ஒருமுறை இதையே செய்து, எதிர்ப்பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அதுவரை குறுக்குக்கட்டைகளை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெல்ட்டில் முக்கால் அங்குலம் வரை கோணல் இருந்தால், முதல் செங்கல் வரிசையை நூலின்படி வைத்து, மிச்சத்தைப் பூச்சில் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் செங்கல் வைக்கத் தொடங்கும் முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.